குமிழி ஏன் நின்றது?

கேள்வி: ஐயா, ரோஸ்ஹில்லில் பள்ளிச் செயல்திட்டத்துக்காக ஊதா பாக்டீரியா வளர்க்கிறோம். அம்மோனியம் உரம் ஒரு சிட்டிகை போட்டதும் புட்டி பீட்ரூட் சாறு மாதிரி சிவந்தது. ஆனால் குமிழி நின்றுவிட்டது. ஏன்?

பதில்: அந்தச் சிட்டிகைதான் காரணம், தம்பி. நீ பார்த்த குமிழி ஹைட்ரஜன் வாயு; அதை வெளியிடுவது பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் நொதி. அதன் பிறவிவேலை நைட்ரஜனை அம்மோனியா ஆக்குவது. அம்மோனியம் தானாகக் கிடைத்தால் அந்த நொதிக்கு வேலையே இல்லை. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 4 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகும், பாக்டீரியா அதை வீணாக்குமா? 1949-இல் கெஸ்ட், கேமன் என்ற விஞ்ஞானிகள் கண்ட நுட்பம் இது. நானும் ஒருமுறை இதே தப்பால் இரண்டு வாரம் இழந்தேன். புதிதாகத் தொடங்கு: லாக்டேட் உணவு, நைட்ரஜனுக்குக் கொஞ்சம் குளுட்டமேட், துளி இரும்பும் மாலிப்டினமும். காற்று புகாத மூடி, நல்ல வெளிச்சம். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகாதே.