வியன்னாவுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, ஓபராவிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன இசையமைப்பாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வியன்னாவுக்கு வருவதாகவும், குளிர், சாப்பாடு, ஆங்கிலம் எல்லாம் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கோட்டு இருக்கிறது. கறிவேப்பிலை நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் கிடைக்கும். ஆங்கிலம் வகுப்பறைக்குப் போதும், ஆவணக் காப்பகத்துக்குப் போதாது.

ஜெர்மன் தேர்வில் தேறிய தெம்போடுதான் நானும் வந்தேன். முதல் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கூரென்ட் என்ற பழைய கையெழுத்து அது. 1941-இல் நிறுத்தப்படும்வரை பள்ளிகளில் இருந்தது. அதில் 'e' என்ற எழுத்து 'n' போலவே இருக்கும். ஒரு பக்கக் கடிதத்தைப் படிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஏழு மாதம் கழித்து என் வழிகாட்டியிடம் புலம்பினேன். "அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றார். எந்த எல்லோருக்கு என்று கேட்கும் துணிச்சல் அன்று எனக்கு இல்லை. நீங்கள் விமானம் ஏறுமுன்பே அந்த எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக இங்கே இருந்தும் 'க்ரூஸ் காட்' என்ற வணக்கத்தைத் தாண்டாத நம்மவர்கள் உண்டு. ஜெர்மன் தேவையே இல்லை என்று உங்களிடம் முதலில் சொல்லப்போவது அவர்கள்தான்.

இன்னொன்று. வியன்னாக்காரர்களின் தாள்கள் எல்லாம் வியன்னாவில்தான் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். வியன்னாவின் ஓபரா இசையமைப்பாளரும் யூதருமான கோர்ன்கோல்ட் 1938 தொடக்கத்தில் ராபின் ஹூட் படத்துக்கு இசையமைக்க ஹாலிவுட் போனார். மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார். அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவரே சொன்னார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்குப் போகவேண்டும். இங்கே பிறந்த இன்னொரு ஹாலிவுட் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனரின் தாள்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடக்கின்றன. பயணச் செலவை முதல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை, கடன் வாங்கிப் போனேன். போய்ப் பார்த்தால் சில வரிகளில் சுருக்கி எழுதிய வரைவுகள். அதை முழு வாத்தியக் குழுவுக்கு விரித்தெழுத ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர் போன்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். இது யாருடைய இசை என்ற கேள்விக்கே என் ஆய்வில் ஓர் அத்தியாயம் போயிற்று.

கோர்ன்கோல்ட் 1957-இல் இறந்தவர், ஐரோப்பாவில் இறந்தபின் எழுபது ஆண்டு, ஆகவே 2027 முடியும்வரை காப்புரிமை. இசைக்குறிப்பை அச்சிட அனுமதி கேட்டு அலைந்த கதையை எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள்.

காசில்லாத அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அரசு ஓபராவின் நின்று பார்க்கும் டிக்கெட். முன்கூட்டியே வரிசையில் நின்று, உள்ளே போனதும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது. முதல் நாள் வாக்னரின் 'வால்க்யூரே' ஓபரா. இடைவேளைகளோடு ஐந்து மணி நேரம். சென்னை சபாக்களில் பழகிய கை, என்னை அறியாமல் கம்பியில் தாளம் தட்டியது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒன்றும் பேசாமல் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். கூனிக் குறுகிப்போனேன். இடைவேளையில் அவரே பாதி ரொட்டியை நீட்டினார். நான் நன்றி சொன்ன ஜெர்மனில் ஒரு பிழையையும் திருத்தினார். அடுத்த வாரம் தாமதமாக ஓடிப் போனபோது கம்பியில் அவருடைய துணிக்குப் பக்கத்தில் இன்னொரு துணி கட்டியிருந்தது, எனக்காக.