பண்டைய ஏதென்ஸ்ல வீட்டுச் சாமிங்க: நீங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, சாதாரண ஏதென்ஸ் குடும்பம் எந்தக் கோயிலுக்கு தினமும் போகும்?

பதில்: கோயில விடுங்க தம்பி, வீட்டுக்குள்ள வாங்க. அடுப்புதான் ஹெஸ்டியாங்கற பெண் தெய்வம், பிறந்த குழந்தைய சில நாள்லயே தூக்கிட்டு அந்த அடுப்பச் சுத்தி ஓடுவாங்க, அப்பதான் அது அந்த வீட்டுப் பிள்ளை. முற்றத்துல வேலி காக்குற ஜீயஸ் ஹெர்கெயோஸ். ஜீயஸ்தான் தலைமைக் கடவுள், ஒவ்வொரு வேலைக்கும் அவருக்கு ஒரு கூடுதல் பேர். சாமான் ரூம்ல சொத்து காக்குற ஜீயஸ் க்டேசியோஸ், அவருக்கு சிலை வேணாம், கைப்பிடில வெள்ளைக் கம்பளி சுத்துன ஒரு ஜாடி, உள்ள தண்ணி, எண்ணெய், பழம் அவ்ளோதான். வாசல்ல ஹெர்மீஸ்ங்கற கடவுளோட தலை வச்ச கல்தூண். கி.மு. 415ல ஒரே ராத்திரில ஊர்ல இருந்த இந்தத் தூண்கள யாரோ உடைச்சிட்டாங்க, சிசிலித் தீவுக்குப் போர்க்கப்பல் கிளம்புற நேரம் வேற, ஊரே நடுங்கிடுச்சு.

கேள்வி: 12 கடவுள் லிஸ்ட் போடுங்க ப்ளீஸ்.

பதில்: எந்தப் பள்ளிப் புத்தகத்துலயும் இருக்கும், ஆனா ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி: ஜீயஸ் அத்தனை பொண்ணுங்க பின்னாடி போனாரே, அவர எப்படி மரியாதையா கும்பிட்டாங்க?

பதில்: கதை வேற வழிபாடு வேற. அவங்களுக்கு வேதம்னு ஒரு புத்தகம் கிடையாது.

கேள்வி: பலி கொடுத்துட்டு கறிய இவங்க சாப்பிட்டு எலும்பும் கொழுப்பும் சாமிக்கா? இது ஏமாத்துதானே?

பதில்: இந்தக் கேள்வி அவங்களுக்கே இருந்துச்சு. புராணத்துல வர்ற ப்ரொமீதியஸ் அப்படிப் பங்கு பிரிச்சு ஜீயஸ ஏமாத்துனதா கவிஞர் ஹெசியட் பாடியிருக்கார். சாமிக்குப் போறது புகை. பலிபீடம் கோயிலுக்கு வெளிய திறந்த வெளில இருக்கும், கறிய கூடியிருந்தவங்க பங்கு போட்டுப்பாங்க, சில இடத்துல வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு கல்வெட்டுலயே இருக்கு.

கேள்வி: அப்ப பக்தியே இல்ல, வெறும் விருந்துன்னு ஒத்துக்கோங்க அக்கா.

பதில்: ஒத்துக்க மாட்டேன். ஏதென்ஸ்காரர், படைத்தலைவர், எழுத்தாளர் செனஃபோன் பெர்சியாலருந்து படையோட திரும்பி வர்றார், கையில காசில்ல, குதிரையக்கூட வித்தாச்சு. குறி சொல்றவர் யூக்ளிடீஸ், நீ ஜீயஸ் மெய்லிகியோசுக்கு (இதுவும் ஜீயசோட இன்னொரு பேர்) வீட்ல செஞ்ச மாதிரி இப்ப செய்யலன்னு சொல்றார். கவனிங்க, செனஃபோன் வேற பேர்ல ஜீயசுக்கு பலி கொடுத்துட்டுதான் இருந்தார், இந்தப் பேருக்குத்தான் விட்டுப்போச்சு. மறுநாள் பன்றிகள முழுசா எரிச்சார், ஒரு துண்டு யாரும் சாப்பிடல. விருந்துக்காகன்னா அத எதுக்கு எரிக்கணும்? அன்னிக்கே பணமும் வந்துச்சு, வித்த குதிரையும் திரும்பி வந்துச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்கார்.

கேள்வி: ஆனா ஹோமர் காவியத்துல பார்த்தா...

பதில்: கதைய வச்சு வழிபாட்ட முடிவு பண்ணாதீங்கன்னு ரெண்டாவது தடவையா சொல்றேன்.

கேள்வி: ஏழைங்க சாமிகிட்ட என்ன கேட்டாங்க அக்கா? ராஜா கதையாவே இருக்கு.

பதில்: இதத்தான் எதிர்பார்த்தேன்மா. டொடோனாங்கற கிரேக்கக் குறி கேட்கும் கோயில்ல ஜீயஸ்கிட்ட குறி கேட்க சின்ன ஈயத்தகட்டுல கேள்விய கீறுவாங்க, ஏகப்பட்டது கிடைச்சிருக்கு. கல்யாணம் பண்ணலாமா, எந்த சாமிய கும்பிட்டா எனக்கு நல்லது, இப்படி. லிசானியாஸ்னு ஒருத்தர் கேட்டிருக்கார்: அன்னிலாங்கற பொண்ணு வயித்துல இருக்குற குழந்தை என்னோடதா?