அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினச் சிறுவர்கள் அதிகம் தண்டிக்கப்படுவதற்கு அவர்களுடைய குறும்புதான் காரணமா?

நீங்கள் அண்மையில் குடிபெயர்ந்த பெற்றோர் என்றும், பிள்ளையின் வகுப்பைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டே இப்படிக் கேட்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். குறும்பு எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. அதற்குப் பள்ளி சூட்டும் பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அட்லாண்டா புறநகரில் ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, ஆசிரியர்கள் எழுதி அனுப்பும் ஒழுங்கு நடவடிக்கைப் படிவங்களைக் கணினியில் பதிவதும் என் பொறுப்பாக இருந்தது. அடிதடி, திருட்டு என்று வந்தால் நடந்தது இன்னதென்று புரிந்துவிடும். 'கீழ்ப்படியாமை' என்ற கட்டத்தில் குறியிட்டு வருபவைதாம் என்னை உறுத்தின. ஒருநாள் ஒரே வகுப்பில் இரண்டு சிறுவர்கள் மேசையில் அளவுகோலால் தாளம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிறுவனின் தாயை ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, "இன்று கொஞ்சம் துள்ளல் அதிகம்" என்று சிரித்தபடியே சொல்லி முடித்தார். கறுப்பினச் சிறுவனுக்குப் படிவம் வந்தது: "எச்சரித்தும் முறைத்தான்." பாட்டி வேலையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வரும்வரை, கால் தரையில் எட்டாத நாற்காலியில், அவன் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தில் எனக்கு அச்சம்தான் தெரிந்தது.

ஆசிரியர்களை இனவெறியர்கள் என்கிறாயா என்று சிலர் பாயக்கூடும். இல்லை, அந்த ஆசிரியை தம் கைக்காசில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருபவர். யேல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு காணொளியைக் காட்டி, யார் சேட்டை செய்யப் போகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார்கள். அதில் சேட்டையே இல்லை. ஆயினும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவன் மீதே அதிக நேரம் நிலைத்திருந்தன. ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் தவறுதானே கண்ணில் படும்?

கூட்டாட்சிக் கல்வித் துறையின் 2017–18 கணக்கின்படி, மாணவர்களில் 7.7 விழுக்காட்டினரான கறுப்பினச் சிறுவர்கள், பள்ளியைவிட்டு இடைநீக்கம் செய்யப்பட்டோரில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினராக இருந்தார்கள். 1994இல் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவருவதற்கு எதிராக வந்த சட்டத்தையொட்டி, எதையும் பொறுக்காத கண்டிப்பு பல பள்ளிகளில் சில்லறைத் தவறுகளுக்கும் பரவியதும் இதற்கு ஒரு காரணம். மாற்ற முடியாததும் அன்று: கீழ்ப்படியாமைக்காக இடைநீக்கம் செய்வதை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013இலேயே கைவிட்டது.

என் ஆதங்கம் நம்மவர்கள் மீதும் உண்டு. வீடு பார்க்கும்போது பள்ளியின் மதிப்பெண் தரவரிசையைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள், அதே பள்ளியில் யார் எத்தனை பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதும் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளிவாரியாகக் கிடைக்கிறது என்று சொன்னால், "நமக்கெதற்கு அது?" என்கிறார்கள். நீங்களாவது உங்கள் பள்ளியின் கணக்கை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.