ஓட்ட வீரர்களின் இதயம் பெரிதாகி, துடிப்பும் குறைந்துவிடும் என்கிறார்களே, அது நோயா?

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ துடிப்பு ஐம்பதுக்குக் கீழே காட்டி, யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் மகள் 5000, 10,000 மீற்றர் ஓடுபவள். விடியவே உப்புவெளியில் இருந்து நிலாவெளி வீதியால் ஓடிப்போய் வருவாள். வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் ஈசிஜியில் துடிப்பு 44. பார்த்த வைத்தியர், "ஹார்ட் வீக், இனி ஓட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு காலமாக ஓடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த ஓட்டம் தேவையா?" என்று சொந்தக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சுத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு ஓர் இதய நிபுணரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே, "வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவீங்க மகள்?" என்றுதான். எக்கோ எடுத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பி விளக்கினார். நீண்டதூரம் ஓடும்போது இதயத்துக்கு நிறைய இரத்தம் திரும்பி வருகிறது. வருடக்கணக்கில் இது தொடர, இடது கீழறை விரிகிறது, சுவரும் சற்றுத் தடிக்கிறது. சாதாரண ஆளுக்கு ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லிலீற்றர் இரத்தம் வெளியேறும். நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்குச் சும்மா இருக்கும்போதே 100 தாண்டலாம். ஓய்வில் உடம்புக்கு நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவு போதும். அதை 44 துடிப்பில் கொடுக்க முடிந்தால் 70 தரம் ஏன் துடிக்க வேண்டும்? முழு வேகத்தில் உலகத்தர வீரர்கள் சிலருக்கு நிமிடத்துக்கு 35 லீற்றருக்கும் மேல் போகும், பயிற்சியில்லாதவருக்கு 20 அளவுதான். இத்தனைக்கும் உச்சத் துடிப்பு இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

இது புதுக் கதையும் இல்லை. 1899 இலேயே ஹென்ஷன் என்ற சுவீடன் வைத்தியர் பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தே இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

நோயை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். காமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 இல் மைதானத்திலேயே விழுந்து இறந்தார். அது பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோய். அதில் சுவர் மிகவும் தடிக்கும், அறை பெரும்பாலும் விரியாது. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ உடனே காட்டுங்கள். பல வருடம் கடுமையாக ஓடியவர்களுக்கு மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்புக் கொஞ்சம் கூட என்பதும் உண்மை.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன். எங்கள் ஊரில் பின்னேரம் பிள்ளைகள் மைதானத்துக்குப் போவதில்லை, ரியூசனுக்குப் போகிறார்கள். மகளோடு ஓடிய கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரைச் சாதாரண தரப் பரீட்சை என்று சொல்லி வீட்டார் நிறுத்திவிட்டார்கள். பரீட்சை முடிந்த பிறகும் திரும்ப விடவில்லை.

சரி, நீங்கள் ஈசிஜி எடுக்கப் போகும்போது என்ன தூரம், எத்தனை வருடமாக ஓடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என் மகளுக்கு நிபுணரின் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது.