காதில் பூ சுற்றவும் கணக்கு வேண்டும்: அறிபுனை நாவல்கள், கேள்வி-பதில்

அறிபுனை, அதாவது சயின்ஸ் ஃபிக்‌ஷன், நாவல்கள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘டாப் டென் சொல்லுங்க’ ரகத்தை எடுக்கவில்லை. எந்தக் கதையின் முக்கிய முடிச்சையும் இங்கே அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கே: எல்லாரும் ‘ட்யூன்’, ‘ட்யூன்’ என்கிறார்கள். நூறு பக்கம் தாண்டவில்லை. கோளாறு என்னிடமா, புத்தகத்திடமா?

முதல் புத்தகமாக அதை உங்களிடம் கொடுத்தவரிடம். 1965இல் வந்த அந்த நாவல், வாசல்படியிலேயே பத்துப் பதினைந்து புதுச் சொற்களை வீசுகிறது. அர்த்தம் தெரிய வேண்டுமானால் பின்னிணைப்பைப் புரட்ட வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. கடைசியில் துணிந்து போட்டது கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன ஒரு நிறுவனம். ஆகவே தடுக்கி விழுந்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

ஒரே ஒரு காட்சி வரைக்கும் போய்விட்டு முடிவு செய்யுங்கள். பாலைவனக் கிரகத்தின் பழங்குடித் தலைவன் ஸ்டில்கர், புதிதாக வந்திருக்கும் பிரபுவைச் சந்திக்கிறான். மேஜைமேல் குனிந்து காறித் துப்புகிறான். அறையில் இருப்பவர்கள் கொதித்தெழப் போகும் நேரத்தில், அந்த மக்களோடு பழகிய டங்கன் ஐடஹோ குறுக்கே வந்து, “உங்கள் உடலின் ஈரத்தைத் தந்ததற்கு நன்றி” என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, பிரபுவின் முன்னாலேயே தானும் துப்புகிறான். தண்ணீரே இல்லாத ஊரில் எச்சில்கூட மரியாதை. அங்கே தண்ணீர் இல்லை என்று பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் இது வந்திருக்காது. இந்தக் காட்சி உங்களை அசைக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடுங்கள், குற்றமில்லை.

தொடங்குவதற்கு ‘தி டைம் மெஷின்’ (1895) எடுங்கள். ஒரே மூச்சில் முடியும். புதியது வேண்டுமென்றால் மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ (2017). தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை உடைத்துச் சுதந்திரம் பெற்ற ஒரு பாதுகாப்பு எந்திரம், அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறது. அதுவும் சின்னப் புத்தகம்தான்.

கே: இயற்பியல் மாணவன் நான். அறிவியல் பிழை கண்ணில் பட்டதும் கதையிலிருந்து வெளியே வந்துவிடுகிறேன். செவ்வாயில் புயல் அடித்து ராக்கெட்டைச் சாய்க்கப் பார்க்கும் ‘தி மார்ஷியன்’ முதல் அத்தியாயமே அபத்தம். அதை எப்படி ‘ஹார்ட்’ அறிபுனை, அதாவது அறிவியலுக்குக் கறாராகக் கட்டுப்பட்ட ரகம், என்கிறார்கள்?

பிடித்தது சரிதான். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே புயல் மணிக்கு 175 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் முகத்தில் லேசாகத் தடவிவிட்டுப் போகுமே தவிர ராக்கெட்டைச் சாய்க்காது. அதை எழுதிய ஆண்டி வியருக்கும் இது தெரியும், தெரிந்தேதான் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். முதல் அடி இயற்கையிடமிருந்து வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த ஒரு பூவைக் காதில் வாங்கிக்கொண்டால், அதற்கப்புறம் அவர் அநேகமாக ஏமாற்றுவதில்லை. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்கு உருளைக்கிழங்கிலிருந்து எத்தனை கலோரி, ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனைப் பிரித்துத் தண்ணீர் செய்தால் எவ்வளவு தேறும், வெடித்தால் என்ன ஆகும் என்று எல்லாம் கூட்டல் கழித்தலோடு வருகிறது. நாவலை அவர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டபோது உங்களைப் போன்றவர்கள் பிழை சொல்ல, திருத்திக்கொண்டே போனார்.

லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்ட்’ (1970) கதை இதைவிட வேடிக்கை. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி, பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கு ஒரு ராட்சத வளையம், அதன் உள்பக்கத்தில் ஜனங்கள். அடுத்த ஆண்டு நடந்த உலக அறிபுனை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள், வளையம் நிலையாக நிற்காது என்று கோஷம் போட்டார்கள். உண்மைதான். லேசாக இடம் பெயர்ந்தால் போதும், மேலும் விலகி நட்சத்திரத்திலேயே போய் மோதிவிடும். நிவென் சப்பைக்கட்டு கட்டவில்லை. வளையம் ஏன் இத்தனை காலம் மோதாமல் நின்றது, இப்போது ஏன் நகர்கிறது என்பதையே அடுத்த நாவலுக்குக் கருவாக்கினார்.

என் அளவுகோல் இது: பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். கதையைத் தொடக்கிவைக்க ஒரு பொய், சரி. கதாநாயகன் மாட்டிக்கொண்டபின் அவனை விடுவிக்க இன்னொரு பொய் வந்தால், அந்த ஆசிரியருக்கு என்னிடம் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கே: அப்படிப் பார்த்தால் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ தோற்றுவிடுமே சார்? பிணத்துக்கு எப்படி உயிர் வந்தது என்று மேரி ஷெல்லி சொல்லவே இல்லை.

சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதுதான் கெட்டிக்காரத்தனம். மின்னல், உச்சியில் கம்பி, பைத்தியக்காரச் சிரிப்பு எல்லாம் சினிமா கொடுத்தது. 1818 நாவலில் அந்த உருவம் கண் திறப்பது சில வரிகள், அவ்வளவே. விஞ்ஞானி பயந்து அறையை விட்டே ஓடிவிடுகிறான். அதன்பிறகுதான் நாவலே ஆரம்பம்: செய்தவன் கைவிட்டுவிட்டான், செய்யப்பட்டது உயிரோடு இருக்கிறது, இனி என்ன?

அது ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவர் விரிசல் வழியே ஒரு குடும்பம் பேசுவதைக் கேட்டே பேசப் பழகுகிறது. பையில் கிடைத்த புத்தகங்களில் ஆதாமைப் பற்றி மில்டன் எழுதிய காவியத்தைப் படித்துவிட்டு, ஆதாமுக்குக்கூட அவனைப் படைத்தவர் துணை கொடுத்தாரே என்று ஏங்குகிறது. புத்தகம் வந்தபோது ஷெல்லிக்கு வயது 20. இருநூறு வருஷம் கழித்து, எந்திரத்துக்கு அறிவு வந்தால் என்று தொடங்கும் பாதி நாவல்கள் அந்தக் கொட்டகையைத்தான் வேறு இடத்தில் கட்டிக்கொண்டிருக்கின்றன.

கே: ‘ஃபவுண்டேஷன்’ இன்று படித்தால் கழுத்தறுப்பு. ஒத்துக்கொள்வீர்களா?

பாதி. சுருட்டும் கையுமாக ஆண்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், போரெல்லாம் வெளியே எங்கேயோ நடந்து செய்தியாக வருகிறது, முதல் புத்தகத்தில் பெண் பாத்திரம் என்று சொல்லிக்கொள்ளத் தேட வேண்டியிருக்கிறது. 1940களில் பத்திரிகைக் கதைகளாக வந்தவற்றின் தொகுப்பு அது, ஒட்டுத் தையல் தெரியத்தான் செய்யும்.

ஆனால் முப்பதாயிரம் வருஷ இருண்ட காலத்தை ஆயிரமாகக் குறைக்க செல்டன் என்ற ஒருவர் கணக்குப் போடுகிறார் என்ற கரு இன்னும் கூர் மழுங்கவில்லை. இரண்டாவது புத்தகத்தில் அந்தக் கணக்கில் வராத ஒரு ஆள் வருகிறான். தன் கருவைத் தானே அடித்து நொறுக்க அசிமோவுக்கு இருந்த துணிச்சல், அதற்கப்புறம் எழுதிய பலருக்கு இல்லை.

கே: ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ தேவைக்கு மேல் கொண்டாடப்படுகிறது என்கிறேன். பாத்திரங்கள் அட்டைப்படம்.

போலீஸ்காரர் டா ஷியைத் தவிர, ஆமாம். கதாநாயகன் வாங் மியாவ் ஒரு நடமாடும் கேமரா. ஆனால் லியூ சிஷின் சிந்தனையைக் கண்ணால் பார்க்க வைக்கிறார். ஒரு விளையாட்டு உலகத்துக்குள் சீனப் பேரரசரின் மூன்று கோடி வீரர்களை நிறுத்திக் கம்ப்யூட்டர் செய்கிற இடம் ஞாபகமிருக்கிறதா? மூன்று பேர் சேர்ந்தால் ஒரு ‘கேட்’, கம்ப்யூட்டர் முடிவெடுக்கும் மிகச் சின்ன அலகு. முன்னால் நிற்கும் இருவரும் கறுப்புக் கொடி தூக்கினால் மட்டும் மூன்றாமவன் கறுப்பைத் தூக்குவான், இல்லையென்றால் வெள்ளை. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது. லாஜிக் கேட் என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த இரண்டு பக்கம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. கூடவே, தன் கொடிக்கு மேல் எதுவும் தெரியாத மனிதர்களால் ஆன அரசு பற்றியும்.

இன்னொன்று. சீனத்தில் புத்தகமாக வந்தபோது மாவோ காலக் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் நடுவில் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. 2014 ஆங்கிலப் பதிப்பில்தான் அவை முதலுக்கு வந்தன. தந்தை அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த பெண் மனித குலத்தைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதில் தொடங்கினால் மொத்த நாவலும் வேறு நாவலாகிவிடுகிறது. உங்களுக்கு அந்த முதல் முப்பது பக்கமும் அட்டையாகவா தெரிந்தது?

கே (அதே வாசகர்): இல்லை. அது மட்டும் நன்றாக இருந்தது.

அப்போது சண்டை பாதி தீர்ந்தது.

கே: ‘சொலாரிஸ்’ நாவலில் பேய்க்கதை மாதிரி விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும்போது நூலகத்துக்குள் கூட்டிப்போய் ஆராய்ச்சி வரலாறு சொல்கிறார் லெம். தாண்டிவிடலாமா?

தாண்டினால் பேய்க்கதைதான் மிஞ்சும். ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடல், அது சிந்திக்கிறதா என்றே யாருக்கும் தெரியவில்லை. மனிதர்கள் அதன் வடிவங்களுக்குப் பெயர் வைத்து, வகை பிரித்து, கட்சி கட்டிச் சண்டை போட்டு, அலமாரி அலமாரியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். புரிதல் மட்டும் ஒரு அங்குலம் நகரவில்லை. அந்த அத்தியாயம் பயங்கரமான நகைச்சுவை, மெதுவாகப் படியுங்கள்.

கே: அறிபுனை எதிர்காலத்தைச் சரியாகக் கணித்த உதாரணங்கள்?

இந்த விளையாட்டே எனக்குப் பிடிக்காது. ஜூல்ஸ் வெர்ன் 1865இல் நிலாப் பயணத்தை ஃப்ளோரிடாவிலிருந்து கிளப்பினார், அப்பல்லோவும் அங்கிருந்தே போனது, ஆகா என்பார்கள். ஆனால் அவர் ஆட்களை அனுப்பியது பீரங்கியில். கிளம்பிய கணமே உள்ளே இருப்பவர்கள் கூழாகியிருப்பார்கள். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆக்டேவியா பட்லரின் ‘பாரபிள் ஆஃப் தி சோவர்’ 1993இல் வந்தது, 2024இல் தொடங்குகிறது. வறட்சி, தீ, மதில்சுவருக்குள் வாழும் தெருக்கள். அவர் ஜோசியம் பார்க்கவில்லை, அன்றைய செய்தித்தாளை ஒழுங்காகப் படித்தார்.

கே: டெட் சியாங்கின் நாவல்களில் எது முதலில்?

அவர் இதுவரை நாவல் எழுதவில்லை. சிறுகதை, குறுநாவல்தான். முதல் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

கே: சின்ன வயதில் படித்த ‘என் இனிய இயந்திரா’ இன்னும் நிற்கிறதா அண்ணா?

ஜீனோ நிற்கிறது. புத்தகம் படித்துப் படித்துத் தன்னை அறிந்துகொள்ளும் எந்திர நாய். மேலே சொன்ன ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ கொட்டகையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: ‘ஃபவுண்டேஷன்’ வரிசையைக் கதையின் கால வரிசையில் படிப்பதா, வெளிவந்த வரிசையிலா?

வெளிவந்த வரிசையில். 1951, 52, 53இல் வந்த மூன்று முதலில். அங்கேயே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. 1982, 86 ஆண்டுகளில் வந்த இரண்டும் பக்க அளவில் தடித்தவை, விருப்பமிருந்தால் மட்டும். 1988இல் வந்த ‘ப்ரிலூட்’ முன்கதைதான், ஆனால் பின்கதை தெரிந்தவருக்காக எழுதியது. அதை முதலில் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே ‘யார் இந்த செல்டன், எனக்கென்ன?’ என்று கேட்பீர்கள்.