வாடை பழகிப்போச்சு, கால் மரத்துப்போகுது

கேள்வி: பசை ஒட்டுற செக்‌ஷன்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை பாக்குறேன். ஆரம்பத்துல தின்னர் வாடைக்கு தலை சுத்தும், இப்ப வாடையே தெரியறதில்ல. ஆனா கொஞ்ச மாசமா ராத்திரியில கால் விரலெல்லாம் மரத்துப்போகுது, கையில பிடிச்ச சாமான் நழுவுது. மாஸ்க் போட்டுதான் வேலை செய்றேன். வேலையாலதான் இப்படியா? பின்னாடி கேன்சர் ஏதும் வருமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பழகினது உங்க மூக்குதாங்க, உடம்பு இல்ல. ஒரே வாடைய நாள் பூரா மோந்தா மூக்கு அத கண்டுக்காம விட்டுடும், ஆனா மூச்சு வழியா ரத்தத்துக்குப் போறது போயிட்டேதான் இருக்கும்.

நீங்க சொல்றத கேட்டா எனக்கு முதல்ல என்-ஹெக்சேன் மேலதான் சந்தேகம். பசை சீக்கிரம் காயணும்னு சேர்க்குற சால்வென்ட் அது, உள்ள போனதும் கல்லீரல் அத வேற ஒண்ணா மாத்தி விடுது, அந்த மாறின சரக்குதான் நரம்ப கெடுக்குது, நீளமான நரம்பு முதல்ல அடி வாங்குறதால கால் விரல்ல ஆரம்பிக்கும். சுகர், பி12 குறைவுலயும் இதே மாதிரி மரத்துப்போகும், அதனால நீங்களா முடிவு பண்ணாம நரம்பு டாக்டர்கிட்ட போய், நரம்புல சிக்னல் சரியா போகுதான்னு பாக்குற நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுங்க. தள்ளிப்போடாதீங்க. கெமிக்கல விட்டு விலகின பிறகும் சில வாரம் கூடிட்டுப் போய்தான் மெல்ல குறைய ஆரம்பிக்கும், ரொம்ப முத்திட்டா முழுசா திரும்பாமலும் போகலாம்.

கேன்சர் விஷயம், எந்த கெமிக்கல்ங்கறத பொறுத்தது. தின்னர்ல பென்சீன் கலந்திருந்தா ரத்தப் புற்றுநோய் அபாயம் உண்டு, சந்தேகமே இல்ல. டின் லேபிளப் பாருங்க: சிவப்புக் கட்டத்துக்குள்ள ஒரு ஆளோட நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி படம் இருந்தா, அது உடனே காட்டாம பல வருஷம் கழிச்சு காட்டுற ஆபத்துக்கான குறி. எல்லாரும் மண்டையோட்டுப் படத்துக்குத்தான் பயப்படுறோம், இத யாரும் கண்டுக்கறதில்ல. சூப்பர்வைசர்கிட்ட சேஃப்டி டேட்டா ஷீட் கேளுங்க, 3-வது பிரிவுல என்ன கலந்திருக்குன்னும் 11-வதுல உடம்புக்கு என்ன செய்யும்னும் இருக்கும்.

துணி மாஸ்க், என்95 எல்லாம் தூசிக்குதான், ஆவிய நிறுத்தாது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வச்ச ரெஸ்பிரேட்டர் வேணும், அதையும் அப்பப்ப மாத்தணும், அதுக்கும் மேல புகைய அங்கேயே இழுக்குற எக்ஸாஸ்ட் வேணும். தின்னர்லயே கை கழுவுற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க, தோல் வழியாவும் உள்ள போகும்.

டாக்டர்கிட்ட போறப்ப எந்த வருஷம் எந்த செக்‌ஷன், என்ன கெமிக்கல்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. கூட வேலை செய்றவங்களுக்கும் கால் மரத்துப்போகுதான்னு விசாரிங்க, இருந்தா எல்லாரும் சேர்ந்தே போய் மேனேஜ்மென்ட்ல எழுத்துல குடுங்க.