பேஸ் ஒலியில் அடிச்சுரம் ஏன் காணாமல் போகிறது?

வணக்கம். சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசரில் ஒரு பேஸ் (கீழ்ஸ்தாயி) ஒலி செய்தேன். இரண்டு ஆஸிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி), இரண்டிலும் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை. சுருதியில் ஒன்று +5 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), மற்றது −5 சென்ட். ஏ1 சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஒரு தடவை கனமாக வருகிறது, அடுத்த தடவை மெலிந்து மேல் ஸ்தாயிக்குத் தாவியதுபோல் கேட்கிறது. ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 55 ஹெர்ட்ஸை ஏற்றினேன், கம்ப்ரஸர் போட்டேன், பயனில்லை.
— க.

அன்புள்ள க.,

தாவியதுபோல் இல்லை, உண்மையிலேயே தாவுகிறது. உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது.

ஏ1-இன் சாடூத் அலையில் 55, 110, 165, 220 என்று எல்லா ஹார்மோனிக்குகளும் (அடி அதிர்வெண்ணின் மடங்குகள்) உண்டு. இரண்டு சாடூத்களில் ஒன்று அரைச் சுற்று பிந்தி ஓடினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது 110, 220, 330. அது ஏ2-இன் சாடூத்தேதான். அந்த நேரத்தில் 55 ஹெர்ட்ஸ் அங்கே இல்லவே இல்லை. ஈக்யூ எதை ஏற்றும்?

10 சென்ட் இடைவெளி 440 ஹெர்ட்ஸில் நொடிக்கு இரண்டரை அலைவு தரும். தம்புராவில் இரண்டு சாரணிகள் துளி பிசகியிருக்கையில் கேட்குமே, அந்த மாதிரி. 55 ஹெர்ட்ஸில் அதே 10 சென்ட் வெறும் 0.32 ஹெர்ட்ஸ்தான், ஒரு அலைவு முடிய மூன்று நொடிக்கு மேல் ஆகும். ரீட்ரிகர் (ஒவ்வொரு சுரத்துக்கும் அலையை முதலிலிருந்து தொடங்கும் அமைப்பு) அணைந்திருந்தால் ஒவ்வொரு சுரமும் அந்த மூன்று நொடியின் ஏதோ ஓரிடத்தில் விழுகிறது.

குறுஞ்சுரங்கள் மட்டும் என்றால் இரண்டு ஆஸிலேட்டரிலும் ரீட்ரிகரைப் போட்டாலே போதும். இரண்டும் சேர்ந்தே கிளம்பும், மெலிவு வர ஒன்றரை நொடி ஆகும். ஆனால் சுரம் அதைவிட நீண்டால் அடி மறுபடி மறையும். ஆகவே நான் இதைவிட அடியைப் பிரித்துவிடுவதையே விரும்புவேன்.

மூன்றாவது ஆஸிலேட்டரில் சைன் அலை, அதே ஸ்தாயி, டீட்யூன் (சுருதி விலக்கல்) இல்லை, ரீட்ரிகர் உண்டு. மிக்சரில் சாடூத் இரண்டையும் ஃபில்டர் 1-க்கும் சைனை ஃபில்டர் 2-க்கும் அனுப்புங்கள். ஃபில்டர் 2 அணைந்தே இருக்கட்டும். ஃபில்டர் 1-இல் 24 டெசிபெல் ஹைபாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது), வெட்டும் இடம், அதாவது கட்ஆஃப், ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸ். இனி 55-ஐச் சைன் ஒன்றே தாங்கும், அது அசையாது. சாடூத்கள் மேலே எவ்வளவு அலைந்தாலும் கேடில்லை. தடிமன் அங்கிருந்துதான் வருகிறது.

எஃப்2-க்கு மேலும் வாசிப்பீர்களானால் அடிச்சுரம் 90-ஐத் தாண்டிவிடும், பழைய கோளாறு திரும்பும். ஃபில்டரின் கீட்ராக்கை (சுரத்தோடு கட்ஆஃபும் ஏறி இறங்கும் அமைப்பு) 100% ஆக்குங்கள். ஆக்கியதும் கட்ஆஃப் இடம் மாறிவிடும். சைனை மௌனமாக்கி, ஏ1-ஐ அழுத்திப் பிடித்து, சாடூத்களின் அடி மறையும் இடத்துக்கு மறுபடி கொண்டுவாருங்கள்.

டீட்யூனைச் சென்ட்டுக்குப் பதில் ஹெர்ட்ஸில் வைக்கும் வழியும் இருக்கிறது. பேஸுக்கு வேண்டாம். 55-இல் 1.5 ஹெர்ட்ஸ் என்பது கிட்டத்தட்ட 47 சென்ட். சுருதி பிசகியதாகவே கேட்கும்.